ஏழு சீட்டா, எட்டு சீட்டா? டெல்டாவில் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் சொல்வது

கும்பகோணம்

ஷோரூமில் டிக்கியைத் திறந்து காட்டும்போது மூன்றாவது வரிசையை மடக்கித்தான் வைத்திருப்பார்கள். நிமிர்த்தச் சொல்லுங்கள். எர்டிகாவில் அப்போது மிஞ்சுவது 209 லிட்டர். இரண்டு துணிப்பை, ஒரு தண்ணீர்க் கேன், அவ்வளவுதான். இன்னோவா கிரிஸ்டாவில் 300 லிட்டர். முறுக்கு டின்னும் சீர்த்தட்டும் ஏறினால் அதுவும் போச்சு. மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். துணிமூட்டைக்குச் சரி, அண்டாவும் குத்துவிளக்கும் கூரையில் ஏறினால் வாய்க்கால் கரை வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்வது உள்ளே இருப்பவர்களுக்கே தெரியும். சாமானோடு போகிற குடும்பம், ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

ஏழா எட்டா என்பதற்கு நவக்கிரகக் கோயில் சுற்றை வைத்துப் பாருங்கள். ஒன்பது இடத்தில் இறங்கி ஏற வேண்டும். நடுவில் பெஞ்ச் சீட் என்றால் பின்வரிசைக்காரர் இறங்க ஒவ்வொரு தடவையும் நடுவரிசையில் ஒருவர் இறங்கி சீட்டை மடக்க வேண்டும். அந்த ஓரத்தில் முட்டிவலிப் பாட்டி உட்கார்ந்திருந்தால் திருநள்ளாறு வருவதற்குள் சண்டை வந்துவிடும். தனித்தனி கேப்டன் சீட் என்றால் பிள்ளைகள் நடுச்சந்து வழியாகவே வந்துவிடுவார்கள். ஒரு இடம் குறைந்தாலும் என் ஓட்டு ஏழுக்குத்தான்.

தஞ்சாவூர்

கும்பகோணத்து அண்ணன் சொன்னதோடு டயர் காற்றையும் சேர்த்துக்கணும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ரெண்டு பேர் போகும்போது எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் கிளம்புகிற அன்று காலையில், டயர் சூடாவதற்கு முன்னால், லோடுக்குரியதை ஏத்திக்குங்க. பாதி வழியில் பங்கில் பார்த்தால் சூட்டில் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீங்க.

பன்னிரண்டு பேர் என்றால் பேசாமல் டிராவலர் வேனை வாடகைக்கு எடுங்க. உங்கள் வெள்ளை போர்டு (சொந்த உபயோக) வண்டியைத் தெரிந்தவருக்கென்று வாடகைக்கு விட வேண்டாம். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

மன்னார்குடி

எல்லாரும் மைலேஜ் பேசுகிறார்கள், வைக்கோலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. சம்பா அறுப்பு முடிந்ததும் ரோட்டில் வைக்கோல் காயும். அடுத்து உளுந்து, எள். செடியோடு பரப்பிவிடுவார்கள், நம் வண்டி ஏறிப் போனால் அவர்களுக்குப் போரடித்து மணி பிரித்த மாதிரி. உயரம் குறைந்த சின்னக் கார் பயந்து ஓரம் கட்டும். பெரிய வண்டிக்காரர் அடிப்பாகம் உயரம்தானே என்று நேரே ஏற்றுவார். கிரிஸ்டா போலப் பின்சக்கரம் இழுக்கிற வண்டியில் அடியில் நீளமாகச் சுழல்கிற புரொப்பல்லர் ஷாஃப்ட் உளுந்துக்கொடியைக் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். சுற்றியது சைலன்சர் பைப்பைத் தொட்டால் முதலில் கருகல் வாடை, பிறகு புகை. முன்சக்கர இழுவை வண்டியில் அது ஆக்ஸில் ரப்பர் பூட்டைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி, சில வாரத்தில் திருப்பும்போது டக் டக் சத்தம்.

செய்ய வேண்டியது: பரப்பினதன் மேல் நிறுத்தாதீர்கள். மெதுவாகத் தாண்டி, வெறும் தார் தெரிகிற இடத்தில் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, செல்போன் விளக்கில் அடியில் பாருங்கள். சுற்றியிருந்தால் சைலன்சர் ஆற இருபது நிமிடமாவது விட்டு, கருக்கரிவாளால் நறுக்கி எடுக்க வேண்டும். கையால் வெடுக்கென்று இழுத்தால் கூடவே பிரேக்குக்குரிய ஏபிஎஸ் ஒயர் வந்துவிடும். புகை தெரிந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள், கடைசி வரிசையிலிருந்து இறங்கத்தான் நேரம் பிடிக்கும். டிரைவர் சீட்டுக்கடியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும், முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

பிஎஸ்6 டீசல் வண்டிக்கு இன்னொன்று. சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்துவைக்கிற டிபிஎஃப் ஃபில்டர் அந்தக் கரியை எரிக்கும்போது உள்ளே சுமார் 600 டிகிரி வரை ஏறும். அந்த நேரத்தில் களத்து வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவது அடுப்பை வைத்த மாதிரிதான். ஊருக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டினால் அது அடைத்து விளக்கு எரியும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பைபாஸில் நிற்காமல் ஒரு ஓட்டம் விட்டால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

திருத்துறைப்பூண்டி

அறுப்பு முடிந்தால் வயல் எலிக்கு வேறு போக்கிடம் ஏது? சூடான பேனட்டுக்குள் வரும். பேட்டரி மேல் புழுக்கை, ஏர் ஃபில்டர் டப்பா ஓரம் வைக்கோல் துணுக்கு தெரிந்தால் அன்றைக்கே ஒயரைப் பாருங்கள். புகையிலைக் கட்டு வைத்தால் வாடை இருக்கிற வரைக்கும்தான் பலன். ராத்திரி பேனட்டைத் திறந்து வைப்பது அதைவிட மேல். உள்ளே இழுப்பது நம் தின்பண்டம்தான்: மூன்றாவது சீட் தண்டவாளத்தில் சிக்கின முறுக்குத் தூளை மாதம் ஒருமுறை வேக்குவம் போட்டு எடுங்கள். கடித்த ஒயரை டேப் சுற்றித் தரும் கடையில் விடாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றி, மேலே சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம்

எங்கள் பக்கம் எலியோடு உப்புக்காற்றும் உண்டு. கடற்கரை போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு போர் தண்ணீரில் கழுவினால் இன்னும் கேடு. அண்டர்கோட்டிங் அடிப்பவர் கதவுக்கு அடியில் இருக்கிற வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள், இல்லையென்றால் கதவு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.

இன்னோவாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. சேறு காய்ந்து உப்பும் சேர்ந்தால் சங்கிலி இறுகிவிடும், பஞ்சரான ராத்திரியில்தான் அது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, கிரீஸ் வைத்து, காற்றும் பார்த்து ஏற்றுங்கள். இறக்குகிற ராடு ஜாக்கியோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய வண்டி வாங்கினவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்காது.