4294967297 பகா எண்ணா? சி-யில் மீதி 0, பைத்தானில் 1

தங்கச்சிமடம்:
ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்கும் ஃபெர்மா சோதனை: 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தா மீதி 1 வரணும். இதை சி-யிலும் பைத்தானிலும் எழுதினேன். 65537-க்கு ரெண்டு நிரலும் 1 காட்டுது. 4294967297-க்கு சி 0 காட்டுது, பைத்தான் 1 காட்டுது. சி-யில் நான் வச்சது சின்ன இன்ட் வகை இல்லை, 64 பிட் அன்சைன்ட் லாங் லாங்தான். எது சரி? சனிக்கிழமை வகுப்பில் பலகையில் விளக்கணும், கம்ப்யூட்டர் கிடையாது.

கீழக்கரை காக்கா:
1தான் சரி தம்பி. ஆனா அது பகா எண் இல்லை. ரெண்டும் தனித்தனிச் சிக்கல்.

அந்த எண் 2³² + 1. 2-ஐ வர்க்கப்படுத்திக்கிட்டே போங்க: 4, 16, 256, 65536, 4294967296. ஆறாவது வர்க்கம் 2⁶⁴. 64 பிட்டில் 2⁶⁴ − 1 வரைக்கும்தான் கொள்ளும், அதனால மீதி எடுக்கும் முன்னாடியே 0 ஆகிடுது. பிறகு எவ்வளவு பெருக்கினாலும் 0தான். 2³² வரையுள்ள எந்த எண்ணுக்கும் இப்படி ஆகாது. வழியக்கூடிய முதல் எண்ணே இதுதான்! ஜிசிசியில் (சி நிரல்பெயர்ப்பி) பெருக்கலை மட்டும் 128 பிட் வகையில் செஞ்சு, மீதி எடுத்து, 64 பிட்டுக்குத் திருப்புங்க. ஒற்றைப்படை எண்ணால் 2-இன் அடுக்கை வகுத்தா மீதி 0 வரவே வராது (1-ஆல் வகுத்தாலொழிய). 0 வந்தா நிரலைத்தான் சந்தேகப்படணும்.

தங்கச்சிமடம்:
சரிங்க காக்கா. 1 வந்தும் பகா எண் இல்லைன்னா எப்படி?

பாம்பன்:
2³²-க்கு மீதி −1 (வகுக்கும் எண்ணைவிட 1 குறைவு, அதாவது 4294967296; ரெண்டும் ஒன்னுதான்), அதன் வர்க்கத்துக்கு மீதி 1. மேற்கொண்டு 1-ஐயே வர்க்கப்படுத்துறோம். எல்லா ஃபெர்மா எண்ணும் (3, 5, 17, 257, 65537, பிறகு இந்த எண்: 2-ஐ வர்க்கப்படுத்திக்கிட்டே போய் 1 கூட்டினது) 2-இடம் இப்படித் தப்பிச்சிடும். பெரிய கண் வலையில் சாளை நிக்குமா? மில்லர்-ராபின்ங்கிற இன்னும் கடுமையான பகா எண் சோதனையையும் 2-ஐ மட்டும் வச்சு ஓட்டினா இதே கதைதான். 3-ஐ எடுங்க. 31 தடவை வர்க்கப்படுத்தினா, பகா எண்ணுக்கு மீதி 4294967296 வரணும் (பெப்பின் சோதனை). வர்றது 10324303. திருத்தின சி நிரலையும் இதை வச்சே சரிபார்த்துக்கலாம்.

பலகைக்கு: இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தா மீதி 1 வரும். அதனால 129, 257, 385, 513, 641-னு பார்த்தா போதும். 641 வகுத்திடும், ஈவு 6700417. ஆய்லர் 1732-இல் கண்டது. வகுக்காமலே காட்டலாம்: 641 = 5 × 2⁷ + 1, ஆக 5 × 2⁷-க்கு மீதி −1; நாலாம் அடுக்கு எடுத்தா 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 641 = 5⁴ + 2⁴, ஆக 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்க. −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1-க்கு மீதி 0.

6700417 பகா எண்தானான்னு பிள்ளைங்க கேட்பாங்க. அதன் காரணியும் முதல் எண்ணோட காரணிதான், அதனால 128 விதி இதுக்கும் பொருந்தும். வர்க்கமூலம் 2588 சொச்சம்; அதுக்குள்ள 128-இன் மடங்கோட 1 கூட்டின எண்கள் 20தான். ஒன்னும் வகுக்காது.

கீழக்கரை காக்கா:
இன்னொன்னு. 65536² + 1² = 62264² + 20449². பகா எண்ணை ரெண்டு விதமா வர்க்கக் கூட்டலா எழுத முடியாது. வித்தியாசங்கள் 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448: மீப்பெரு பொது வகுத்தி 8. கூட்டல்கள் 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450: அதுக்கு 50. ரெண்டையும் பாதியாக்குங்க: 4² + 25² = 641.