ப்ரூவர்ஸ் முதல் நாலு மேட்ச்சும் காலி, இந்த வருஷம் தேறுமா தேறாதா?

மில்வாக்கி_மாப்ள (ஏப்ரல் 1, 2025, மதியம்)

வணக்கம் மக்களே. நான் அமெரிக்காவுல இந்த மில்வாக்கி ஊருக்கு வந்து ஏழு மாசம்தான் ஆகுது. பேஸ்பால் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் சொல்லிக் குடுத்ததுதான், அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாம பதில் சொல்லுங்க.

விஷயம் என்னன்னா ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து மில்வாக்கி ப்ரூவர்ஸ் மேட்ச் பத்துக்கு மொத்தமா டிக்கெட் எடுக்கப் போறாங்க, நானும் பங்கு சேரணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். போன வருஷம் இவங்க 93 மேட்ச் ஜெயிச்சு டிவிஷன்ல முதல் இடம்னு சொன்னாங்க, சரி நல்ல டீம்தான்னு தலையாட்டி வச்சிருந்தேன். ஆனா இந்த சீசன் தொடங்கி நாலே மேட்ச், நாலும் தோல்வி, அதுவும் சாதா தோல்வியா? மார்ச் 27 நியூயார்க்ல யாங்கீஸ் கிட்ட 4-2, சரி போகட்டும்னு விட்டா 29ஆம் தேதி 20-9, மறுநாள் 12-3. நேத்து சொந்த ஊர்ல முதல் மேட்ச், கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் கிட்ட 11-1. கூட்டிப் பார்த்தேன், வாங்கினது 47 ரன், அடிச்சது 15.

நேத்து மேட்ச்சுக்கு நானும் போயிருந்தேன். பார்க்கிங் லாட்லயே கரி அடுப்பு பத்த வச்சு சாஸேஜ் சுட்டுட்டு இருந்தாங்க, கிட்டத்தட்ட எல்லா கார் டிக்கியும் திறந்து கிடக்கு, திருவிழாக் கடைத்தெரு மாதிரி. நான் பனீர் துண்டுல மிளகாய்ப்பொடி தடவி கம்பில குத்திக் கொண்டு போனேன், அதுக்கும் அடுப்புல இடம் குடுத்தாங்க. ஜனவரில இறந்துபோன பாப் யூக்கர்னு ரேடியோ வர்ணனையாளருக்கு உள்ள அஞ்சலி செலுத்தினாங்க, 1971ல இருந்து இந்த டீமுக்குக் குரல் குடுத்தவராம், பக்கத்துல ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுட்டு இருந்தார். அதுக்கப்புறம் மேட்ச் ஆரம்பிச்சுது, அதைப் பத்தி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆறாவது இன்னிங்ஸ்ல சாஸேஜ் வேஷம் போட்ட அஞ்சு பேர் ஓட்டப்பந்தயம் ஓடினாங்க, அதுல மட்டும்தான் கொஞ்சம் போட்டி இருந்துச்சு.

இந்த டீம் தேறுமா? காசு போடலாமா?

நெல்லை_டு_நியூஜெர்சி (ஏப்ரல் 1)

ஹாஹா மாப்ள, அந்த 20-9 மேட்ச்சுக்கு நான் நியூயார்க் ப்ராங்க்ஸ்ல நேர்ல இருந்தேன் 😂 உங்க பிட்சர் (பந்து போடுறவர்) நெஸ்டர் கார்ட்டஸ், அவர் போன வருஷம் வரைக்கும் எங்க ஆளு. முதல் பந்து கோல்ட்ஷ்மிட் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ரெண்டாவது பந்து பெல்லிஞ்சர் ஹோம் ரன், மூணாவது பந்து ஜட்ஜ் ஹோம் ரன். மூணே பந்து, 3-0. என் கூட வந்தவன் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தான், திரும்பி வந்து ஸ்கோர்போர்ட பாத்துட்டு ரிப்பேராயிடுச்சான்னு கேட்டான். அன்னைக்கு மொத்தம் 9 ஹோம் ரன், யாங்கீஸ் வரலாற்றுலயே ஒரு மேட்ச்ல அவ்வளவு அடிச்சதில்ல, ஜட்ஜ் மட்டும் 3.

இதுல ஒரு கூத்து பாருங்க, கார்ட்டஸ உங்களுக்குக் குடுத்துட்டு நாங்க வாங்கினது டெவின் வில்லியம்ஸ, உங்க டீமோட கடைசி இன்னிங்ஸ் பிட்சர். 27ஆம் தேதி அதே ஆளை வச்சே உங்களை முடிச்சு அனுப்பினோம். தேறுமான்னு கேட்டா... காசை பத்திரமா வைங்க ப்ரோ.

பழைய_சோறு (ஏப்ரல் 1)

நெல்லைக்காரரே ஜெயிச்ச மூணுக்கே இவ்வளவு ஆட்டமா, ஆமா அந்த டார்பிடோ பேட் கதையையும் சொல்லுங்க, அதை மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க

நெல்லை_டு_நியூஜெர்சி (ஏப்ரல் 1)

அண்ணே அது ரூல்புக்படி செல்லும், பேட் அதிகபட்சம் 2.61 இஞ்ச் தடிமன், 42 இஞ்ச் நீளம், அதுக்குள்ள எப்படி வேணா செதுக்கிக்கலாம். இதுல நுனியில இருக்க வேண்டிய கட்டையைக் கொஞ்சம் கீழ இறக்கி, அந்த பேட்ஸ்மேன் எந்த இடத்துல அதிகமா பந்தைத் தொடுறானோ அங்க தொப்பை வச்சிருக்காங்க, பார்க்க பூரிக்கட்டை மாதிரி இருக்கும். யோசனை ஆரன் லீன்ஹார்ட்னு எம்ஐடில பிசிக்ஸ் படிச்ச ஒருத்தரோடது. அப்புறம் மூணு ஹோம் ரன் அடிச்ச ஜட்ஜ் அந்த பேட் தொடவே இல்ல, பழைய பேட்தான். பேட் மேல பழி போடாதீங்க.

ஸ்டாட்ஸ்_சித்தப்பு (ஏப்ரல் 1)

மாப்ள, இவங்க சண்டையை விடுங்க, நான் ஒரு கணக்கு சொல்றேன். பேஸ்பால் சீசன்ல ஒரு டீமுக்கு 162 மேட்ச். நம்ம ஐபிஎல்ல லீக்ல ஒரு டீமுக்கு 14. 162ஐ 14ஆல வகுத்தா பதினொண்ணரை சொச்சம் வரும், அதாவது பதினொண்ணரை பேஸ்பால் மேட்ச் சேர்ந்தாதான் ஒரு ஐபிஎல் மேட்ச்சோட எடை. நீங்க பார்த்தது நாலு. ஐபிஎல் கணக்குல சொன்னா முதல் மேட்ச்ல முதல் இன்னிங்ஸ்ல பதினாலாவது ஓவர் இன்னும் முடியல, அதுக்குள்ள எழுந்து வீட்டுக்குப் போலாமான்னு கேக்குறீங்க.

ஐபிஎல்லயே 2015ல மும்பை முதல் நாலு மேட்ச்சும் தோத்துச்சு, கடைசில கப்பு யாருக்குப் போச்சு, ஃபைனல்ல யாரை அடிச்சாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம், சொல்லவும் மனசு வரல.

பேஸ்பால்ல நல்ல டீமும் சாதாரணமா 60 மேட்ச் பக்கம் தோக்கும். அந்த அறுபதுல நாலு முன்னாடியே வந்துடுச்சு, அவ்வளவுதான். ஜூன் வரைக்கும் பாயிண்ட்ஸ் டேபிளே பார்க்காதீங்க.

மில்வாக்கி_மாப்ள (ஏப்ரல் 1)

சித்தப்பு கணக்கு சூப்பர், ஆனா தோக்குறது வேற 47 ரன் வாங்குறது வேற இல்லையா? ஒரு டீம் 20 ரன் குடுக்குதுன்னா பௌலிங்கே இல்லன்னுதானே அர்த்தம்?

டக்கவுட்_பெருசு (ஏப்ரல் 1, இரவு)

தம்பி கேட்டது சரியான கேள்வி. சித்தப்பு சொன்ன கணக்குல தப்பில்ல, ஆனா நாலு மேட்ச்ல ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னா அதுவும் முழு உண்மை இல்ல. நான் இங்க பக்கத்துல வெஸ்ட் ஆலிஸ்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல குடியிருக்கேன், இந்த டீமை ரேடியோலதான் அதிகம் கேட்டிருக்கேன், டிவில கம்மி.

கிரிக்கெட்ல மாதிரி ஒரே பௌலர் தினம் வந்து போட முடியாது. தொடக்க பிட்சர் ஒரு நாள் போட்டா அடுத்த நாலஞ்சு நாள் ரெஸ்ட், அதனால அஞ்சு பேர் வேணும், ஒவ்வொருத்தரா முறை வச்சு வருவாங்க. இப்ப ப்ரூவர்ஸ் கதை என்ன? ப்ராண்டன் வுட்ரஃப் தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் திரும்பல, டோபியாஸ் மையர்ஸ், ஆரன் ஆஷ்பி, டி எல் ஹால், ராபர்ட் காஸர் எல்லாரும் காயம். அந்த 12-3 மேட்ச்ல போட்ட ஆரன் சிவாலேவுக்கும் தொடையில பிடிப்பு. அஞ்சு பேருக்குப் பதிலா ஒண்ணரை பேரை வச்சு ஓட்டுறாங்க. தொடக்க பிட்சர் சீக்கிரம் கவுந்தா உள்ள இருக்குற மத்த பிட்சருங்க எல்லாம் அன்னைக்கே போட்டு சலிச்சுடுவாங்க, மறுநாள் கை ஓயும், மறுநாளும் அடி விழும். அதான் 4, 20, 12, 11னு போச்சு. வியாதி தெரியுது, வியாதி என்னைக்கும் இருக்குமான்னு கேட்டா ஆள் திரும்பி வந்தா சரியாயிடும்.

இன்னொண்ணு, இதே டீமோட பழைய கதை. 1987ல ப்ரூவர்ஸ் முதல் 13 மேட்ச்சும் ஜெயிச்சாங்க. 13-0! அதுக்கு நடுவுல நம்ம பிட்சர் ஹுவான் நீவஸ் பால்டிமோர்ல ஒரு ஹிட் கூட விடாம முழு மேட்ச் போட்டார். ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு கடைசி இன்னிங்ஸ்ல டேல் ஸ்வேம் அடிச்ச ஹோம் ரன்ல 12ஆவது வெற்றி, அதை இந்த ஊர்ல அறுபது வயசுக்காரங்க யார்கிட்ட கேட்டாலும் அன்னைக்கு எந்த ஹால்ல எந்த சோபால உக்காந்திருந்தாங்கன்னு சொல்வாங்க. ஜார்ஜ் வெப்னு ஊர்ல ஒரு சாப்பாட்டுக் கடை, டீம் 12 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சா ஊருக்கே பர்கர் ஃப்ரீன்னு பல வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, அந்த வருஷம் நிஜமாவே குடுக்க வேண்டியதாயிடுச்சு, லட்சத்துக்கு மேல பர்கர் போச்சு. அப்புறம் என்னாச்சு? மே மாசம் அதே டீம் 12 மேட்ச் தொடர்ந்து தோத்துச்சு. கடைசில 91-71 (91 ஜெயிச்சு 71 தோத்து), மூணாவது இடம், ப்ளேஆஃப் கிடையாது.

13-0 ஆரம்பிச்ச டீமே வீட்டுக்குப் போச்சு, நீங்க 0-4க்கு பயப்படுறீங்க. டிக்கெட் எடுங்க. கூட்டத்துல உக்காந்து பனீர் சாப்பிட்டா கூட காசு வீண் இல்ல.

இப்ப ரேடியோ ஓடிட்டு இருக்கு, இன்னைக்கு 5-0 முன்னாடி இருக்காங்க, வாய் வைக்கல.

பழைய_சோறு (ஏப்ரல் 2)

பெருசு வாய் வச்சும் ஜெயிச்சுட்டாங்க 😄 5-0. நான் சிகாகோ கப்ஸ் ஆளு, உங்க டீம் தோத்தா எனக்கு சந்தோஷம், இருந்தாலும் ராயல்ஸ ஒரு ரன் கூட எடுக்க விடாதது நல்லா இருந்துச்சு. முந்தின நாள் 11 குடுத்த அதே டீம்தானா இதுன்னு இருக்கு

மில்வாக்கி_மாப்ள (ஏப்ரல் 4)

அப்டேட். ரெண்டாந்தேதி 9 இன்னிங்ஸ்ல சமமாகி 11 இன்னிங்ஸ் வரைக்கும் போய் 3-2 ஜெயிச்சாங்க, நேத்து சின்சினாட்டி ரெட்ஸ 1-0. ரெட்ஸ் பாவம், இதோட தொடர்ச்சியா மூணாவது மேட்ச் 1-0ன்னு தோக்குறாங்க, அவங்க ஊர்ல யாராவது இதே கேள்வி கேட்டுட்டு இருப்பாங்க. ஆக முதல் வாரம் 3-4. முதல் நாலு மேட்ச்ல 47 ரன் குடுத்தவங்க அடுத்த மூணு மேட்ச்ல குடுத்தது 2 ரன். எனக்கு இந்த விளையாட்டு சுத்தமா புரியல ஆனா பிடிச்சிருக்கு.

டிக்கெட் பங்கு சேர்ந்துட்டேன். வீட்டுக்காரம்மா இன்னும் பேசல.

ஸ்டாட்ஸ்_சித்தப்பு (ஏப்ரல் 8)

பெருசு, நேத்து பாஸ்டன் கிட்ட இருந்து க்வின் ப்ரீஸ்டர்னு ஒரு பிட்சர வாங்கியிருக்காங்க, பாத்தீங்களா. ஆள் பத்தாம அவசரத்துக்கு வாங்கின மாதிரி இருக்கு, பெருசா எதிர்பாக்க வேண்டாம்.

மில்வாக்கி_மாப்ள (அக்டோபர் 19, 2025)

பழைய திரியைத் தோண்டி எடுத்ததுக்கு மன்னிக்கவும், ஆனா இதை எழுதாம தூக்கம் வராது.

முதல்ல சித்தப்புவுக்கு. "பெருசா எதிர்பாக்க வேண்டாம்"னு நீங்க சொன்ன ப்ரீஸ்டர் 13 வெற்றி, 3 தோல்வி. நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

மே மாசம் 25-28ன்னு இருந்தப்ப ஆபீஸ்ல ரெண்டு பேர் அவங்க பங்கு டிக்கெட்ட என் தலையில கட்டிட்டாங்க, நானும் வாங்கிட்டேன். ஜூலைல தொடர்ந்து 11 ஜெயிச்சாங்க, ஆகஸ்ட்ல 14, டீம் வரலாற்றுலயே அதான் நீளமானது, பெருசு சொன்ன 1987 பதிமூணையும் தாண்டி. ஜார்ஜ் வெப் பர்கர் குடுத்தாங்க! ஆபீஸே வரிசைல நின்னுச்சு, நான் சைவம், என் பர்கர பக்கத்து சீட்காரருக்குக் குடுத்துட்டு அவரோட ஃப்ரைஸ எடுத்துக்கிட்டேன். கடைசில 97-65, லீக்லயே யாரும் அவ்வளவு ஜெயிக்கல, யாங்கீஸும் இல்ல நெல்லைக்காரரே. ப்ளேஆஃப்ல கப்ஸ அஞ்சு மேட்ச்ல முடிச்சோம், பழைய_சோறு அண்ணன் அன்னையிலருந்து ஆன்லைன்லயே காணோம்.

அப்புறம் அடுத்த சுத்துல லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். சீசன்ல அவங்களோட ஆடின ஆறு மேட்ச்சும் நாமதான் ஜெயிச்சோம், அதனால தெனாவட்டா உக்காந்தோம். 2-1, 5-1, 3-1, 5-1. நாலும் போச்சு, ஒவ்வொண்ணுலயும் நாம அடிச்சது ஒத்த ரன். கடைசி மேட்ச்ல அவங்க ஒஹ்தானி பிட்சரா வந்து 10 பேர அடிக்க விடாம ஸ்ட்ரைக்-அவுட் பண்ணினது போதாதுன்னு பேட் எடுத்து மூணு ஹோம் ரன் அடிச்சார். இது எங்கயாவது நியாயமா? ஒரே ஆளு!

ராத்திரி உக்காந்து யோசிக்கிறப்பதான் தோணுச்சு, ஆரம்பிச்சது 0-4, முடிச்சது 0-4. நடுவுல நாட்டுலயே நல்ல டீம்.

டக்கவுட்_பெருசு (அக்டோபர் 19)

தம்பி நீ சொன்னதும்தான் கவனிச்சேன். முதல் நாலுல 47 குடுத்தோம், கடைசி நாலுல குடுத்தது 15தான். பிட்சருங்க மேல இந்தத் தடவை குத்தம் சொல்ல முடியாது. மட்டை தூங்கிடுச்சு. யூக்கர் இருந்திருந்தா இதை வச்சு ஒரு அரை மணி நேரம் சிரிக்க வச்சிருப்பார்.

அடுத்த வருஷத்துக்கு பத்து மேட்ச் பங்குல ஒரு இடம் இருக்கா? பனீர் நீ கொண்டு வா, கரி நான் கொண்டு வரேன்.

மில்வாக்கி_மாப்ள (அக்டோபர் 20)

இருக்கு ஐயா. ஆனா ரெண்டு இடம் வேணும், வீட்டுக்காரம்மாவும் வராங்களாம், சாஸேஜ் ரேஸ்ல சோரிஸோ மேல பத்து டாலர் கட்டியிருக்காங்க.