மிடி கீபோர்டு வாசிப்பு ஜாமுலஸில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை – உதவி தேவை

கேட்பவர் (தக்கலை)

பாடகர் குழுவின் வாரநாள் பயிற்சிக்கு ஜாமுலஸ் (இணையம் வழியே சேர்ந்து வாசிக்க உதவும் நிரல்) பயன்படுத்துகிறோம். கிட்டார் நாகர்கோவில், பாடுபவர்கள் குளச்சல், தபேலா துபாய். என்னிடம் இருப்பது 49 கட்டை மிடி கீபோர்டு (சொந்தமாகச் சத்தம் கிடையாது), இரண்டு சானல் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், விண்டோஸ் 10 லேப்டாப், ரீப்பர் (ஒலிப்பதிவு நிரல்), அதில் ஒரு பியானோ பிளகின் (பியானோ ஒலி தரும் துணை நிரல்).

ரீப்பரில் பியானோ நன்றாகக் கேட்கிறது. அதை மூடாமல் ஜாமுலஸைத் திறந்தால் டிரைவர் பிழை வருகிறது. மூடிவிட்டுத் திறந்தால் ஜாமுலஸில் மைக் வேலை செய்கிறது, கட்டையை அமுக்கினால் ஒன்றும் போகவில்லை. வாய்ஸ்மீட்டர் (ஒரு நிரலின் சத்தத்தை இன்னொன்றுக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். பியானோ போகிறது, ஆனால் அரை தாளம் பிந்திப் போகிறது. இணையம் ஃபைபர், லேப்டாப்புக்கு வைஃபை. எங்கே தவறு?

பதில் 1 (மார்த்தாண்டம்)

தம்பி, கீபோர்டில் கோளாறு ஒண்ணும் இல்ல. மிடிங்கிறது சத்தமே கிடையாது, கட்டளை மட்டும்தான். நடு 'சி' கட்டையை அமுக்கினா கேபிள்ல போறது 144, 60, 100 மாதிரி மூணே எண். முதல் எண் ஒன்றாம் சானல்ல சுரத்தைத் தொடங்குன்னு சொல்லுது, 60 எந்தக் கட்டைன்னு, 100 எவ்வளவு அழுத்தம்னு. அதைப் பியானோவா மாத்துறது ரீப்பருக்குள்ள இருக்கிற பிளகின். ஜாமுலஸ் அனுப்புறது ஆடியோ மட்டும். அதுக்குள்ள பிளகின் ஏத்தவும் முடியாது. அதுல மிடி அமைப்புன்னு ஒண்ணு இருக்கும், அது ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற பட்டையை) நகர்த்தத்தான். அதை நம்பி நேரத்தை வீணாக்காதீங்க.

டிரைவர் பிழைக்குக் காரணம், நிறைய ஏ.எஸ்.ஐ.ஓ. (தாமதம் குறைவான ஆடியோ வகை) டிரைவர்கள் ஒரு நேரத்துல ஒரே நிரலுக்குத்தான் இடம் கொடுக்கும். ரீப்பர் பிடிச்சு வச்சிருக்கு, ஜாமுலஸுக்குக் கிடைக்கல.

வாய்ஸ்மீட்டர்ல பிந்துறதுக்கு பெரும்பாலும் ஏ1 வெளியீட்டுல எம்.எம்.இ.ங்கிற விண்டோஸோட பழைய, தாமதம் அதிகமான டிரைவர் இருக்கும். அங்க உங்க இன்டர்ஃபேஸோட ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை வச்சா தாமதம் நல்லாக் குறையும். ஆனா ரீப்பர் கையில இருக்கிறப்போ வாய்ஸ்மீட்டரே தேவையில்ல.

பதில் 2 (நாகர்கோவில்)

மேலே சொன்னது சரி. செய்முறை இதுதான்.

ரீப்பரை மறுபடி நிறுவும்போது வரும் பட்டியலில் 'ரீரூட் ஏ.எஸ்.ஐ.ஓ.' (ரீப்பருக்கும் மற்ற நிரலுக்கும் இடையே சத்தத்தைக் கடத்தும் டிரைவர்) என்பதை டிக் செய்யுங்கள். தானாக டிக் ஆகியிருக்காது. பலர் தவறவிடுவது இங்கேதான். பிறகு ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் ஏ.எஸ்.ஐ.ஓ., உங்கள் இன்டர்ஃபேஸ் டிரைவர், சாம்பிள் ரேட் 48000, பிளாக் சைஸ் (ஒரு தடவைக்குக் கையாளும் சாம்பிள்கள்) 128. ஜாமுலஸ் 48000-ல் மட்டுமே ஓடும். 44100-ல் விட்டால் டிரைவரை ஏற்காது.

அதே அமைப்புப் பகுதியில், ரீப்பர் முன்னால் இல்லாதபோது ஆடியோ டிவைஸை மூடும் ஒரு தேர்வு உண்டு. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ஜாமுலஸ் சன்னலை மவுஸால் தொட்ட நொடியே பியானோ நின்றுவிடும். பிளகின் கெட்டுப்போனது என்று நினைத்து ஒரு மாலை முழுக்கப் போகும்.

முதல் ட்ராக்கில் பியானோ. உள்ளீடு உங்கள் மிடி கீபோர்டு, ரெக்கார்டு ஆர்ம் சிவப்பு, மானிட்டர் ஆன். இந்த ட்ராக்கின் ரூட் பொத்தானை அமுக்கி, ஹார்டுவேர் அவுட்புட்டாக ரீரூட் 1/2 சேருங்கள். அதே பெட்டியில் மேலே உள்ள மாஸ்டர் சென்ட் (நம் ஹெட்போனுக்கு நேராக அனுப்புவது) டிக்கை எடுத்துவிடுங்கள். பாடவும் செய்வீர்கள் என்றால் மைக்குக்கு இன்னொரு ட்ராக், அதுவும் இதே போல ரீரூட் 1/2-க்கு.

கடைசியாக, ஜாமுலஸிலிருந்து திரும்பி வரும் சத்தத்துக்கு ஒரு ட்ராக். அதன் உள்ளீடு ரீரூட் ஸ்டீரியோ 1/2, ஆர்ம், மானிட்டர் ஆன். இதற்கு மட்டும் மாஸ்டர் சென்ட் இருக்க வேண்டும். இதைத் தப்பித் தவறியும் ரீரூட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் எல்லார் சத்தமும் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும், ஹெட்போன் போட்டிருக்கும் நான்கு பேருக்கும் காது வலிக்கும்.

எப்போதும் ரீப்பரை முதலில் திறந்து, பிறகு ஜாமுலஸ். அதில் டிவைஸ் ரீரூட் ஏ.எஸ்.ஐ.ஓ., ஆடியோ சானல் ஸ்டீரியோ.

மாஸ்டர் சென்ட்டை ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், நம் வாசிப்பையும், எல்லார் சத்தமும் கலக்கும் ஜாமுலஸ் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே நாம் கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் நமக்குச் சரியாக இருக்கும், மற்றவர்களுக்குப் பிந்தும். திரும்பி வந்ததைக் கேட்டு வாசித்தால் எல்லாரும் ஒரே கலவையைத்தான் கேட்கிறார்கள். முதல் பத்து நிமிடம் விரல் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

கேட்பவர்

ரொம்ப நன்றி அண்ணே! ரீரூட் டிக்தான் விட்டுப்போயிருந்தது. இப்போது பியானோ எல்லாருக்கும் கேட்கிறது. நாகர்கோவிலோடு சேர்ந்து வாசிக்க முடிகிறது, ஆனால் நடுநடுவே டொக் டொக் என்று வெட்டுகிறது. துபாய் தபேலாவோடு தாளம் நிற்கவே இல்லை, பாட்டு இழுத்துக்கொண்டே போகிறது. அப்புறம் சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது.

பதில் 3 (குலசேகரம்)

வெட்டுக்கு முதல் சந்தேகம் வைஃபை. இதற்கு இணைய வேகம் பெரிதாக வேண்டாம், நல்ல தரத்தில் ஸ்டீரியோ அனுப்பினாலும் ஏறத்தாழ 1 மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். ஒலித் தரவுப் பொட்டலங்கள் சீரான இடைவெளியில் போக வேண்டும், அதுதான் முக்கியம். வைஃபையில் அது நடப்பதில்லை. ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு கேட் 6 கேபிள் இழுத்து, வைஃபையை அணைத்தே வையுங்கள். அதன் பிறகும் வெட்டினால் ஜாமுலஸின் ஜிட்டர் பஃபரை (முன்பின்னாக வரும் பொட்டலங்களைச் சற்றே பிடித்து வைத்துச் சீராக்கும் இடம்) ஆட்டோவிலிருந்து எடுத்து ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள்.

வெட்டு உங்கள் பியானோவில் மட்டும், அதுவும் நிறைய கட்டை ஒன்றாக அமுக்கும்போது வந்தால் அது லேப்டாப்பின் திணறல். பிளாக் சைஸை 256 ஆக்குங்கள். 128 சாம்பிள் என்பது 2.7 மில்லி நொடி, 256 என்பது 5.3. அந்த வித்தியாசத்தை விரல் தாங்கும். விண்டோஸ் பவர் அமைப்பு ஹை பெர்ஃபார்மன்ஸில் இருக்கட்டும்.

இனி துபாய். ஒலி காற்றில் 1 மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் போகும். 25 மில்லி நொடி தாமதம் என்றால் தபேலாக்காரர் 8.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது போல. ஆலயத்தில் பீடத்துப் பக்கம் கீபோர்டும் பின்வாசலில் தபேலாவும் வைத்துப் பாருங்கள், ஏன் இழுக்கிறது என்று தெரியும். ஃபைபரில் வெளிச்சம் 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லி நொடி எடுக்கும். இங்கிருந்து துபாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். போக 15, வர 15, நேர்கோட்டிலேயே 30. கேபிள் சுற்றிப் போகும், ரூட்டர்கள், பஃபர்கள் சேரும். எந்த மென்பொருளாலும் இதைக் குறைக்க முடியாது. மெதுவான பாமாலை ஒருவேளை ஓடும், வேகமான தாளம் ஓடாது.

தபேலாவை விட மனமில்லை என்றால் நிஞ்ஜாம் என்ற சேர்ந்து வாசிக்கும் நிரலைப் பாருங்கள், ரீப்பரோடேயே வருகிறது. அது தாமதத்தை மறைக்காமல் ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு நீட்டிவிடும். 16 அடி, நிமிடத்துக்கு 100 என்றால் ஒரு சுற்று 9.6 நொடி. மற்றவர்கள் வாசித்த போன சுற்றை இந்தச் சுற்றில் கேட்பீர்கள். ஒரே கார்டு வரிசை திரும்பத் திரும்ப வருகிற வாசிப்புக்கு அருமை. பல்லவி, சரணம் என்று நகரும் பாட்டுக்கு ஆகாது.

பதில் 1 (மார்த்தாண்டம்)

சர்வரையும் பாருங்க தம்பி. தக்கலையும் நாகர்கோவிலும் பக்கம்தான், ஆனா ரெண்டு வீட்டுலயும் வேற வேற இணைய நிறுவனம்னா பொட்டலம் சென்னை வரைக்கும் போய்த் திரும்பி வரலாம். ஜாமுலஸ் பட்டியல்ல எல்லாரும் பிங் நேரத்தை (சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகிற நேரம்) பார்த்து, நாலு பேருக்கும் கூட்டிப் பார்த்தா எது குறைவோ அதைப் பிடிங்க. சொந்தமா வேணும்னா சென்னையிலோ மும்பையிலோ ஒரு சின்ன கிளவுட் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, யு.டி.பி. 22124 போர்ட்டைத் திறந்து விட்டாப் போதும்.

பெடலுக்கு வழி லேசு. நிறைய கீபோர்டு, ஆன் பண்ற நேரத்துல பெடல் எந்த நிலையில இருக்கோ அதையே 'அமுக்காத நிலை'ன்னு எடுத்துக்கும். கீபோர்டை அணைங்க, பெடலைச் செருகுங்க, காலை எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. அப்பவும் தலைகீழா இருந்தா பெடலுக்கு அடியில சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. ஏதாவது சுரம் நிக்காம ஒலிச்சிக்கிட்டே இருந்தா ரீப்பரின் ஆக்‌ஷன்ஸ் பட்டியல்ல 'ஆல் நோட்ஸ் ஆஃப்' இருக்கு, அதுக்கு ஒரு குறுக்குவிசை வச்சுக்குங்க. கீபோர்டை யூ.எஸ்.பி. ஹப்ல போடாம நேரா லேப்டாப்லயே செருகுங்க.

கேட்பவர்

பெடல் சரியாகிவிட்டது. பெடலில் கால் வைத்தபடியே ஆன் செய்துகொண்டிருந்தேன். கேபிள் 15 மீட்டர் வாங்கி இழுத்தாயிற்று, வெட்டும் நின்றது. தபேலாவுக்கு மட்டும் சனிக்கிழமை நிஞ்ஜாமில் 16 அடி வைத்துப் பார்க்கிறோம்.