முட்டை சுமக்கும் நண்டுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை கோபியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் வகுப்பு, தமிழ்வழி. நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளின் இனப்பெருக்கம் நடத்த வேண்டும். 'பெர்ரீட்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். முட்டைகளை வயிற்றடியில் சுமந்து திரியும் பெண் நண்டை அப்படிச் சொல்கிறார்கள். செனை மாடு பார்த்து வளர்ந்த பிள்ளைகள். 'சினை நண்டு' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் மாட்டுக்குச் சினை உள்ளே. நண்டுக்கோ முட்டை வெளியே வந்து, வயிற்றுக் கால்களின் மயிரில் கொத்தாக ஒட்டியிருக்கிறது. சினைப்பை என்ற சொல் வேறு, உடலுக்குள் முட்டை உருவாகும் உறுப்புக்கு முன்பே நிலைத்துவிட்டது.

பீனியஸ் வகை இறால்கள் முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். நண்டும் சிங்கி இறாலும் (லாப்ஸ்டர்) பொரியும்வரை சுமக்கும். இவையெல்லாம் அடங்கிய பத்துக்காலிகளின் பரிணாமத்தில் இது பெரிய பிரிவு. ஆகவே சொல்லில் சுமத்தல் தெரிய வேண்டும். 'மடிமுட்டை நண்டு' எப்படி? பெண் நண்டின் அகன்ற வயிறு மார்படியில் மடிந்திருப்பது, பருத்தி எடுப்பவர்கள் கட்டும் மடியைப் போலவே இருக்கிறது.

~

அம்மணி, மடி என்றால் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பால்மடிதான். சூல் இருக்கிறதே! ஐங்குறுநூறு 'தாய்சாப் பிறக்கும் புள்ளிக் களவன்' என்கிறது. களவன் என்றால் நண்டு; கள்வன் என்ற பாடவேறுபாட்டை நான் ஏற்கவில்லை. 'சூற்களவன்' என்று வையுங்கள்.

~

ஐயா, அந்த வரி வகுப்புக்குக் கட்டாயம் வேண்டும். அது மருதத்து வயல் நண்டு. அதன் முட்டையிலிருந்து குட்டி நண்டே நேராக வெளிவந்து, சில நாள் தாயின் வயிற்றடியிலேயே தங்கும். மொய்க்கும் குஞ்சுகளைப் பார்த்துத்தான் தாய் செத்துப் பிறப்பதாக எண்ணினார்கள் என்று நினைக்கிறேன். கடல் நண்டின் இளவுயிரி வேறு உருவில் நீரில் மிதந்து போய்விடும். ஆனால் முட்டை சுமக்கும் தாயை 'அன்' ஈற்றில் எப்படி அழைப்பது?

~

ஈரோட்டிலிருந்து ஒரு சொல், தம்பி தங்கைகளே: சிங்கி இறாலின் வயிறு நீண்டு கிடக்கும், நண்டைப் போல மார்படியில் மடிந்திருக்காது. மடி அங்கே பொருந்தாது. 'முட்டைசுமப்பி' இரண்டுக்கும் வரும்.

~

சரி அக்கா. பலகையில் அதையே எழுதுகிறேன். மடியை வாயால் சொல்லி விளக்குவேன்.

~

எழுதுங்கள் அம்மணி. என் படியில் 'சூல்நண்டு' என்றே திருத்திக்கொண்டேன்.