மறுமொழி: ஏரோபிக் பயிற்சிக்கு என்ன சொல்?

மாஸ்டர், அக்கா, மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

கொலஸ்திரோல் கூடியவர்களுக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஏரோபிக் பயிற்சிக்கு, அதாவது வேகநடைபோல் தொடர்ந்து செய்யும் பயிற்சிக்கு, எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

மாஸ்டரின் ‘வளிப்பயிற்சி’ காதுக்கு இனிக்கிறது. ஆனால் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறள் சொல்லும்போது வளி என்பது வாதம். மருத்துவப் பிரசுரத்தில் கண்டால் வாய்வுக்குச் செய்யும் பயிற்சி என்றே வயதானவர்கள் எடுப்பார்கள். பாடநூலில் ‘காற்றிற் சுவாசம்’ இருக்கிறதே, ‘காற்றிற் பயிற்சி’ ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். காலிமுகத்திடலில் காற்று வாங்கிக்கொண்டு நடப்பது என்றுதான் கொழும்பில் விளங்கும். ‘மூச்சுப்பயிற்சி’ எப்போதோ பிராணாயாமத்துக்குப் போய்விட்டது.

என் தெரிவு ‘ஒட்சிசன்வழிப் பயிற்சி’. அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தசை குளுக்கோசைச் சிறிது நேரம் ஒட்சிசன் இல்லாமலும் உடைக்கும். கொழுப்பமிலத்தை அப்படி எரிக்க முடியாது. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிக்கு ஒட்சிசன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தொடர்ந்து நடப்பவர்களின் தசைகளில் கொழுப்பை உடைக்கும் நொதியம் கூடுதலாக வேலை செய்கிறது. இரத்தத்தில் திரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு குறைகிறது, நல்ல கொலஸ்திரோல் கொஞ்சம் ஏறுகிறது. கெட்டது நடையால் மட்டும் பெரிதாக இறங்காது. இதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன், நடக்கிறோமே என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

*

தம்பி,

மாஸ்டர் எழுதுகிறேன். வளி வாதம் மட்டுமா? புறநானூற்றில் நாவாயை ஓட்டிய காற்றும் வளிதான். ஏரோபிக் என்பதும், பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்ரர் 1863இல் காற்று, உயிர் என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்து நுண்ணுயிர்களுக்கு வைத்த பெயர்தான். அமெரிக்க மருத்துவர் கூப்பர் 1968இல் அதை உடற்பயிற்சிக்குக் கொண்டுவந்தார். அவர்கள் பழைய வேரில் புதுப்பொருள் ஏற்றலாம், நாங்கள் ஏற்றினால் மட்டும் விளங்காதா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியரிடம் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படித்தவர்கள் நாங்கள். ஒட்சிசனைத் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீர் என் வாக்கை எதிராகவே எழுதிக்கொள்ளும்.

*

அக்கா எழுதுகிறேன். மாஸ்டர் மன்னிக்க வேண்டும், வாக்கெடுப்பில் ஆறுக்கு மூன்று என்று தம்பியின் சொல்தான் வந்திருக்கிறது. நானும் அதற்கே போட்டேன். ஆனாலும் கொரோனாவுக்குப் பிறகு ஒட்சிசன் என்றால் சனத்துக்குச் சிலிண்டர்தான் ஞாபகம் வரும். தலைப்பில் அந்தச் சொல் இருக்கட்டும். அதற்குக் கீழே, ‘கதைக்கலாம், ஆனால் பாட முடியாது, அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடவுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடும், தம்பி. கிளினிக்கில் நான் சொல்வதும் அதைத்தான்.