11 அணி, ஒரே மைதானம்: லீக் எப்படிப் போடுவது?

மன்னார்குடிப் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. இதுவரை தோற்றால் வெளியேறும் நாக் அவுட்தான். 5 அணிக்கு பை (ஆடாமலே அடுத்த சுற்று) கொடுத்தே சலித்துவிட்டது. லீக் நடத்த வழி சொல்லுங்க அண்ணே.

கும்பகோணத்தான்:
தம்பி, எல்லாரும் எல்லாரோடும் என்றால் 55 ஆட்டம், தாங்காது. 5, 6 எனப் பிரிவு போடு: 10 + 15 = 25 ஆட்டம். இரண்டுக்கும் 5 சுற்றுதான், வாரம் 5 ஆட்டம். பாதிக்கு 20 நிமிஷம், இடைவேளையும் மாறும் நேரமும் சேர்த்து 55. காலையில் 3, சாயங்காலம் 2. அரையிறுதி, இறுதி சேர்த்து 7 ஞாயிறு.

அட்டவணைக்கு அணிகளை இரண்டு வரிசையாக எழுது, எதிரெதிரே இருப்பவை மோதும். அடுத்த சுற்றுக்கு ஓர் அணியை நிறுத்திவிட்டு மற்றதை வட்டமாக ஓர் இடம் சுற்று. 5 அணிப் பிரிவில் நிற்கவேண்டிய இடம் 'ஓய்வு'; அதற்கு எதிரே வரும் அணிக்கு அந்தச் சுற்றில் ஆட்டமில்லை.

திருவாரூர் பேக்:
சம்பா அறுப்பு முடிந்து தொடங்கி, மே கடைசிக்குள் முடிச்சிடுங்க. களிமண் தரை வெடித்துக் கணுக்கால் சிக்கும். வெடிப்பில் மணல் நிரப்பி, முந்தின சாயங்காலம் தண்ணீர் தெளிக்கணும்.

கடைசிச் சுற்றுதான் வம்பு. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போக 1-0 போதுமென்று பந்தை உருட்டிய பிறகுதான், ஒரு பிரிவின் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடும் விதி வந்தது. அன்றைக்கு மட்டும் பள்ளி மைதானத்தையும், 6 அணிப் பிரிவில் 3 ஆட்டம் என்பதால் இன்னொன்றையும் கேளுங்க. அப்போது எந்த அணிக்கு ஓய்வு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணுங்க.

கும்பகோணத்தான்:
சமப்புள்ளி வந்தால் அந்த அணிகள் நேருக்கு நேர் மோதிய முடிவா, மொத்தக் கோல் வித்தியாசமா? முதல் விசிலுக்கு முன்னே எழுதிக் கையெழுத்து வாங்கு. ஒரே ஆள் இரண்டு அணியில் ஆடாமல் புகைப்படத்தோடு பட்டியலும் வாங்கிடு.