ஸ்டிக்கர் வெட்டினால் எழுத்துகள் துண்டு துண்டாக வருகின்றன (அவசரம்)

மலர்_டிடிபி: வரவேற்பு மேடைக்கு மாப்பிள்ளை, பெண் பெயரை ஆங்கிலத்தில் சேர்த்தெழுதும் ஃபாண்டில் போட்டிருக்கிறேன். திரையில் அழகாகச் சேர்ந்து நிற்கிறது. பிளாட்டரில் (ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்) வெட்டினால் ஒவ்வொரு எழுத்தும் தனியாக உரிந்து வருகிறது. நாளை மாலை கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

கத்தரி: எந்த ஃபாண்ட்? எந்த மென்பொருள்? எவ்வளவு அகலம்?

சேலம்_ஃபிளெக்ஸ்: பிளேடு மழுங்கியிருக்கும். எனக்குப் போன மாதம் இதே தொல்லை. மாற்றிப் பாருங்கள்.

கத்தரி: பிளேடு மழுங்கினால் ஓரம் பிசிறடிக்கும். எழுத்து சேரும் இடத்தில் மட்டும் கோடு விழாது.

எழுத்தச்சன்: இதற்குப் பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிவிட்டுக் கேட்பது நல்லது. இந்த ஃபாண்டுகளில் எழுத்துகள் ஒட்டியிருப்பதில்லை. ஒன்றின் வால் அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அச்சில் மை அதை மறைத்துவிடும். பிளாட்டர் கோட்டை மட்டுமே பார்க்கும், மேலே ஏறிய இடத்தையும் வெட்டிவிடும். எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, பிரித்து, வெல்ட் (ஒரே வடிவமாக இணைப்பது) செய்யுங்கள்.

மலர்_டிடிபி: ஃபாண்ட் கிரேட் வைப்ஸ், மென்பொருள் கோரல் டிரா, அகலம் இரண்டடி. செய்தேன், சேர்ந்துவிட்டது. ஆனால் ஆங்கிலச் சின்ன a, e, o எல்லாவற்றிலும் உள் ஓட்டை அடைந்துவிட்டது!

கத்தரி: வரிசைதான் தவறு. கர்வ்ஸ் ஆக்கியபின் பிரித்தால் ஓட்டையும் ஒரு தனித் துண்டு, வெல்ட் அதை நிரப்பிவிடும். எழுத்தாக இருக்கும்போதே கண்ட்ரோல் கே கொடுத்து ஒவ்வொன்றையும் பிரியுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்ட். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், வெல்ட் ஆனபின் பெயரில் பிழை இருந்தால் தட்டித் திருத்த முடியாது.

எழுத்தச்சன்: வரிசை அடிப்படை விஷயம், தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன்.

தமிழ்ப்பலகை: பெயரைத் தமிழிலேயே போடலாமே? நம் எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை, இந்தச் சிக்கலே வராது.

சாக்பீஸ்: இரண்டும் வேறு வேறு அழகு. இந்த ஆங்கிலச் சேர்த்தெழுத்து கூர்முனைப் பேனாவில் பிறந்த வடிவம்: கீழே இழுத்தால் தடிப்பு, மேலே ஏற்றினால் மயிரிழை. 1694-ல் கையெழுத்து ஆசிரியர் சார்ல்ஸ் ஸ்னெல் வெளியிட்ட கையெழுத்தைப் பார்த்துத்தான் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1960-களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற ஃபாண்டை வரைந்தார், அதுவும் ஒளி அச்சுக்கோப்புக்கு (ஈய எழுத்துக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் முறை). ஈய எழுத்தில் கட்டையைத் தாண்டி நீளும் வால் எளிதில் உடைந்துவிடும். ஒளியில் அந்தக் கவலை இல்லை.

தமிழ்ப்பலகை: வரலாறு சரி. மேடையில் பாட்டிக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்தான் பேத்தி பெயர் வர வேண்டுமா? தமிழுக்கும் இப்படிப் பேனா ஓட்டம் உள்ள ஃபாண்டுகள் நிறைய வர வேண்டும்.

சாக்பீஸ்: அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் வாடிக்கையாளர் கேட்டதைத்தானே அவர் செய்கிறார்.

கத்தரி: மலர், இன்னொன்று. எழுத்து இடைவெளி கூட்டியிருந்தால் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் வால் எட்டாது. மயிரிழைகளுக்கு மெல்லிய அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்குங்கள், உரிக்கும்போது அங்கேதான் கிழியும்.

மலர்_டிடிபி: ஓட்டை வந்துவிட்டது, எழுத்தும் சேர்ந்துவிட்டது. வெட்டப் போகிறேன். நன்றி அண்ணா.

சேலம்_ஃபிளெக்ஸ்: பிளேடையும் மாற்றிவிடுங்கள்.

கத்தரி: ஒட்டியபின் படம் போடுங்கள் மலர்.